ஏற்கெனவே பாதை உண்டு

முனியம்மா கொண்டுவந்தது போண்டா மடித்துக் கொடுத்த செய்தித்தாள். எண்ணெய் ஊறி எழுத்துகள் பின்பக்கமும் தெரிந்தன. அதில் ஓர் அறிவிப்பு இருந்தது. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு திருவண்ணாமலைக்கு வருகிறது, பொதுமக்கள் மனு அனுப்பலாம்.

"டீக்கடையில படிச்சிக் காட்டுனாங்க. எனக்குப் பாதி புரியல. நீ படி தம்பி" என்றாள்.

அது 2004, வைகாசி மாதம். பட்டு நூல் முறுக்கும் மில்லில் நான் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு நான் வெளியே வரும்போது அவள் கழிவு நூல் பெருக்க உள்ளே வருவாள். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். ஆனாலும் மனு, விண்ணப்பம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். என்னைவிட முப்பது வயது மூத்தவள் முனியம்மா. நெசவுத் தெருவில் எல்லோரும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான்.

படித்துச் சொன்னேன். மனு பொதுப் பிரச்சினை பற்றி இருக்க வேண்டும். பல நாள் தீராததாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே விஷயம்தான். ஐந்து நகல் வேண்டும். கோர்ட்டில் இருக்கும் வழக்கு, வேலை கேட்பது, தனிநபர் குறை எதுவும் கூடாது.

"பாலம் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"அத எம்மெல்லேதான தரணும்?"

"இதுல எம்மெல்லேங்க பத்துப் பேர் உக்காந்து ஆபீசருங்கள நிக்க வச்சிக் கேப்பாங்க. அப்புறம் அதை அறிக்கையாக்கி சட்டமன்றத்துல வைப்பாங்க."

"அப்ப எழுது."

சேவூர் ஓரத்தில் அவர்களுடைய காலனி. பின்னால் ஒரு கால்வாய். அதைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் வேலூர் ரோடு. கால்வாய் மேல் இருந்த கல் பாலம் எட்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் விழுந்தது. அப்புறம் யாரும் கட்டவில்லை. மற்றபடி காலனியிலிருந்து வெளியே வர ஒரே வழி எங்கள் தெரு.

எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு போடுவோம். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, காயவைத்துச் சுருட்டுவது. வீட்டுக்குள் அதற்கு நீளம் போதாது. ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணி ஆகும். கஞ்சி ஈரம் காயுமுன் தளர்த்தினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பாவு முழுக்கப் போச்சு. அதனால் பாவு கட்டியிருக்கும்போது வண்டி நிற்கும். ஆள் சுவரோரம் ஒண்டிப் போவான். எப்போதும் அப்படித்தான்.

போன வருடம் மாசியில் ஒரு காலை. ஷிப்ட் முடிந்து வந்து நானும் பாவு பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் பெரியப்பா அருணகிரியின் பாவு. அப்பா போனபிறகு நான் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். காலனிப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே முனியம்மாவின் மூத்த மகள் தெய்வநாயகி. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். முனியம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள். பெரியப்பா, "பத்தே நிமிஷம், காஞ்சிரும்" என்றார். ஆட்டோ நின்றது. பெரியப்பா மறுபடியும் பத்து நிமிஷம் என்றார். உள்ளேயிருந்து வந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் குறைந்துபோனது. நாங்கள் பாவைச் சுருட்டினோம். ஆட்டோ போனது. தெய்வநாயகியும் குழந்தையும் மத்தியானத்துக்குள் இறந்துவிட்டார்கள்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் மாலை வாங்கிப் போனார்கள்.

இப்போது இளையவள் தமிழ்ச்செல்வி. கண்ணமங்கலத்தில் கட்டிக்கொடுத்தது. தலைப்பிரசவம், கார்த்திகையில். வழக்கப்படி தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்குமுன் பாலம் வேண்டும். முனியம்மா கேட்டது அவ்வளவுதான்.

மனுவை எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாலம் விழுந்த வருடம், வீடுகளின் எண்ணிக்கை, பள்ளிப் பிள்ளைகள், மழைக்காலத் தண்ணீர் எல்லாம் இருந்தன.

"தெய்வநாயகி பேரு எங்க?"

"தனிநபர் குறை எழுதக்கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"செத்தது தனியாத்தான் செத்தா. ஊரோட சேந்தா சாவாங்க?"

நான் நகல்களை அடுக்கினேன்.

"சரி, பாவு போட்டு வழிய மறிச்சதையாவது எழுது."

"அத எழுதினா எங்க தெருவுல ஒருத்தனும் கையெழுத்துப் போடமாட்டான். ரெண்டு பக்கமும் கையெழுத்து இருந்தாத்தான் பொதுப் பிரச்சினை."

அது பாதி உண்மை. மீதி, அந்தப் பாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன் என்பது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஐந்து நகலிலும் கைநாட்டு வைத்தாள்.

எங்கள் தெருவில் நாற்பத்தோரு கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது.

"பாலம் வரட்டும்டா. அவங்க அந்தப் பக்கமே போய்க்குவாங்க. நம்ம தெருவுல தொல்லை இருக்காது" என்றார்.

*

ஆவணியில் கடிதம் வந்தது. கலெக்டர் ஆபீசில் குழு கூடுகிறது, மனுதாரர் நேரில் வரலாம். முனியம்மா, நான், பெரியப்பா மூன்று பேரும் போனோம். பெரியப்பா வந்தால் பலம் என்று நான்தான் கூப்பிட்டேன். பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார். முனியம்மா பின்வாசல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நடுவில் நின்றுகொண்டே போனேன், சீட் இருந்தும்.

கூட்ட அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் எம்.எல்.ஏ.க்கள். நடுவில் தலைவர், தென்மாவட்டப் பேச்சு. இந்தப் பக்கம் அதிகாரிகள் கோப்போடு நின்றார்கள். எங்கள் எண் வர ஒன்றரை மணி ஆனது.

ஓர் அதிகாரி முன்னால் வந்து வாசித்தார். "மேற்படி காலனிக்குச் சேவூர் வழியாகப் பதினாறு அடி அகலத் தெரு ஏற்கெனவே பாதையாக உண்டு. ஆண்டு முழுவதும் பயன்பாட்டில் உள்ளது. எனவே பாலம் அவசியம் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்."

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாதை இருக்குன்னு சொல்றாரே? மனுவில அதப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

எழுதியவன் நான். கையிலிருந்த நகலைப் பார்த்தேன். பெரியப்பா தோள்துண்டைச் சரிசெய்தார்.

முனியம்மா சொன்னாள், "பாதை இருக்குதுங்க. அதுல பாவு இருக்குது."

"பாவுன்னா?"

அவள் என்னைக் காட்டினாள். "அவரு சொல்லுவாரு. அவங்க தெரு."

சொன்னேன். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எத்தனை பேர் பிடிப்போம், ஏன் நடுவில் அவிழ்க்க முடியாது என்பதை. அமாவாசை அன்று தறி ஓடாது, மற்ற நாளெல்லாம் யாராவது ஒருவர் போடுவார்கள் என்றேன். தலைவர் கவனமாகக் கேட்டார்.

"அவசரமா ஒரு வண்டி வந்தா?"

"அவுத்துருவோங்க" என்றார் பெரியப்பா. "அஞ்சு, பத்து நிமிஷம். நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்."

"அப்ப சரி" என்று தலைவர் பேனாவைத் திறந்தார்.

முனியம்மா தலை குனிந்து தரையைப் பார்த்தாள். அந்தப் பேனா காகிதத்தில் படுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நாப்பது நிமிஷம் ஆச்சுங்க. போன வருஷம். இவங்க பொண்ணு ஆட்டோவுல இருந்துச்சு. செத்துப் போச்சு. குழந்தையும்."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தார்.

தலைவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "இது என்னய்யா அநியாயம்? பொதுத்தெருவ மறிச்சு உயிர வாங்கிருக்காங்க, நீங்க பாதை இருக்குன்னு எழுதிக் கொண்டாந்திருக்கீங்க!"

அதிகாரி ஒரு கணம் தடுமாறினார். பிறகு முகம் தெளிந்தது. "ஐயா, தெரு ஆக்கிரமிப்ப உடனே அகற்றிடலாம். பாவு போடத் தடை போட்டுடறோம்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு வாரத்துல ஐயா."

"பாலத்துக்கு?"

"மதிப்பீடு போடணும், நிதி வேணும், கால்வாய் வேற துறை..."

"முதல்ல இதைச் செய்யுங்க. பாதை திறந்துட்டா பாலம் கேள்வி இல்ல. அடுத்தது."

"சாமி, பாலம்..." என்றாள் முனியம்மா.

"அம்மா, இனிமே யாரும் மறிக்க மாட்டாங்க. நான் சொல்றேன்ல." அவர் அன்பாகத்தான் சொன்னார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

போளூரில் பஸ் நின்றபோது பெரியப்பா டீ குடித்தார். எனக்கு டீ சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு வந்து பேசினார்.

"நாப்பது நிமிஷம்னு எப்படிடா தெரியும்? கையில வாட்ச் கட்டிகினு நின்னது நீதான? 'பெரியப்பா, அவுப்போம்'னு ஒரு வார்த்தை அன்னிக்கு சொன்னியா?"

"சொல்லல."

"இன்னிக்கு எம்மெல்லேங்க முன்னாடி வாய் வந்துச்சா?"

அவர் மறுபடியும் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

*

அதிகாரி ஒரு வாரம் என்று சொன்னார், ஆறு நாளில் செய்தார். அரசாங்கம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. தெருமுனையில் மஞ்சள் பலகை வைத்தார்கள். மீறிக் கட்டிய ஒரு பாவைப் போலீஸ் வந்து அவிழ்க்க வைத்தது. அது ஜெயவேல் வீட்டுப் பாவு. ஈரத்தோடு சுருட்டியதில் மூன்று கல்யாணச் சேலைக்கான பட்டு சடையாகிப்போனது. அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். அந்த மாசிக் காலையில் ஊரிலேயே இல்லை.

தெருக்காரர்கள் பாவை மொபெட்டில் வைத்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காற்று. பாதி இழை அறுந்தது. யாரும் என்னிடம் பேசவில்லை. பெரியம்மா ஜெயம் சோறு மட்டும் போட்டாள், தட்டை வைக்கும் சத்தம் அதிகமாக இருந்தது. மில் முதலாளியும் எங்கள் தெருக்காரர்தான். முனியம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெருவே தண்டனை கொடுக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது ராத்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை.

புரட்டாசியில் வளைகாப்பு முடித்துத் தமிழ்ச்செல்வியைக் கூட்டி வந்தார்கள். தெரு அகலமாக, காலியாக இருந்தது. அவர்கள் நடந்து வரும்போது ஒவ்வொரு வாசலிலும் யாராவது பழைய கஞ்சித் தண்ணீரை ஊற்றினார்கள். மேலே இல்லை. காலுக்கு ஒரு முழம் முன்னால். எங்கள் வாசலில் பெரியம்மா ஊற்றினாள்.

"வாங்க மகாராணி. உங்களுக்காகத்தான் தெருவ காலி பண்ணி வச்சிருக்குது. ஜல்தி போங்க, வழுக்கப் போவுது."

தமிழ்ச்செல்வி ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, இன்னொரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக வைத்துப் போனாள். நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சேவூர் ஸ்டாண்டில் ஆட்டோ வைத்திருப்பவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். காலனிக்குச் சவாரி வரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் டீசல் இல்லை என்றார்கள்.

ஐப்பசியில் மனுக்கள் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மனுதாரரின் கோரிக்கை மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, பாதை திறக்கப்பட்டுவிட்டதால், மனு முடித்துவைக்கப்படுகிறது. காலையில் ஷிப்ட் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். திரும்ப எழுதலாம், கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லி நம் எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடினேன்.

மூன்று நாள் மழை. தண்ணீர் கலங்கி, தொடை அளவுக்கு ஓடியது. அக்கரையில் கண்ணமங்கலத்து ஆட்டோ ஒன்று நின்றது. மருமகன் கழுத்தில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தண்ணீரின் நடுவில் இருந்தான். தமிழ்ச்செல்வி, எட்டு மாத வயிற்றோடு, புடவையை இடுப்புக்குமேல் சொருகிக்கொண்டு அவனைப் பிடித்திருந்தாள். பின்னால் முனியம்மா இரண்டு கைகளாலும் மகளின் இடுப்பைத் தாங்கியிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புகிறாள்.

நான் கரையில் நின்று கத்தினேன். "முனியம்மா! தெரு காலியாத்தான இருக்குது! ஏன் இதுல எறங்குனீங்க?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் அடுத்த அடி தரையில் நிலைக்கும் வரை காத்திருந்தாள்.

"நீ அதுல போ" என்றாள்.