குப்பைப் பையில் விழுந்த ராஜா

1.
இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் உலோகம் தேடுவோர் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு நான் போனதே இலவச கேக்குக்காகத்தான். கேக் தீர்ந்திருந்தது. இந்தக் கதை மட்டும் மிச்சம் இருந்தது.

முதல் வரி: ஆயிரம் ஆண்டுகளாக அந்த ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக்காசு மண்ணுக்குள் காத்திருந்த—

(அடித்துவிட்டேன். காசு காத்திருக்காது. காத்திருந்தவள் மொரீன்.)

2.
பதினொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும், உலோகம் பட்டால் கூவும் கருவியோடு வயலில் நடக்கிறாள் மொரீன். கிடைத்தவை: பாட்டில் மூடிகள், டிராக்டர் திருகுகள், ஒரு பல்செட். கேட்டதோ ஒரே ஒரு சாக்சன் காசு. கூட்டாளி நெவிலிடம் ஏழு இருக்கின்றன. கேட்காமலே சொல்வான்.

நாளை இந்த வயலில் பார்லி விதைக்கிறார்கள். பிறகு அடுத்த அறுவடைவரை யாரும் கால் வைக்க முடியாது.

3.
டீ நேரத்தில் இருவரும் அன்று தோண்டியெடுத்ததைப் போட்டுவைத்த குப்பைப் பைகளைக் கார் பானெட்டில் ஒரே குவியலாகக் கொட்டினார்கள்.

"எடுத்துப் போட்டுட்டு டீய ஊத்து அம்மணி. முக்காவாசி உன் குப்பைதான்."

"போய்யா. நெவில்... இங்க பாரு."

"என்ன?"

"இந்த சாக்லேட் தாளுக்கு மூக்கு இருக்கு."

வெள்ளிக்காசு, மடங்கிக் கசங்கி. அதில் பொறித்த ராஜாவுக்குக் கண் உண்டு, மூக்கு உண்டு, தாடை இல்லை.

(இங்கே 'மொரீன் அழுதாள்' என்று எழுதியிருந்தேன். இல்லை, கார் ஹாரனை அழுத்தினாள். பக்கத்து வயல் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.)

4.
"உன் பையிலதான் இருந்துச்சு," என்றான் நெவில். "என் கையில வந்திருந்தா காசுன்னு எனக்குத் தெரியாதா?"

"பிச்சை போடாதய்யா. என்னுதுன்னா என்னுதா இருக்கணும்."

நெவில் காசைத் திருப்பினான். உடைந்த விளிம்பு பளபளத்தது. "இது இன்னிக்கு உடைஞ்சது. மண்வெட்டி பட்டிருக்கு. தாடை இன்னும் குழிக்குள்ளதான் கெடக்கு."

"அப்போ யாரு குழில கெடக்கோ..."

"அவங்கதான் கண்டுபிடிச்சவங்க. ராஜாவோட தாடைய உடைச்சவங்களும் அவங்கதான்."

"கடவுளே, நானா இருக்கணும்!" என்று மொரீன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

5.
ஒரு சிக்கல். தோண்டிய குழியைத் தோண்டிய சுவடே தெரியாமல் மூடுவது இவர்கள் வழக்கம். அதில் இருவரும் கெட்டிக்காரர்கள். இப்போது வயலில் ஒரு குழியைக்கூடக் காணோம்.

"இங்க தோண்டின ஞாபகம்!"

"அது என் குழி, அம்மணி!"

"உன் குழின்னு எழுதியா வெச்சிருக்க?"

முடிவு அ: நெவில் தாடையைக் கண்டெடுத்து, ரகசியமாக மொரீன் பக்கம் எறிகிறான். (வேண்டாம். அவள் கண்டுபிடித்து அவனை உதைப்பாள்.)

முடிவு ஆ: வெளிச்சம் மங்குகிறது, இருவரும் வெறுங்கையோடு—

(இதை எழுத எனக்கு மனசில்லை.)

இப்போதைக்கு இருவரும் வயலின் இரு மூலைகளில் மண்டியிட்டிருக்கிறார்கள். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் கூவுகின்றன. மொரீன் சிரித்துக்கொண்டே கத்துகிறாள்: "தொடாத! மூணு எண்ணிட்டுத் தோண்டலாம்!"

ஒன்று. இரண்டு.

தாடையை நான் இன்னும் புதைக்கவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், எந்தக் குழியில்?