மூடச் சொன்னது எதை?

மாஸ்டருக்குப் பொருள் வாங்கத் தெரியாது, பொருளை மிரட்டத்தான் தெரியும். கடையில் வரிசையாக வைத்திருந்த கிரில் அடுப்புகளை ஒவ்வொன்றாகக் காலால் எத்திப் பார்த்துக்கொண்டே போனார். ஆடினால் மட்டமான சரக்கு, ஆடாவிட்டால் தூக்கிச் சுமக்க முடியாத கனம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிரம்பால் கணுக்காலில் தட்டுகிற உடற்பயிற்சி ஆசிரியர் அவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கிடைக்காததால் அடுப்புகள் வாங்கிக் கட்டிக்கொண்டன.

இரண்டடி பின்னால் வெல்டர் நடந்தான். இருவரும் சகலைகள். மாஸ்டர் அக்காவைக் கட்டியவர், வெல்டர் தங்கையைக் கட்டியவன். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய கேரவன் வண்டி வாங்கியிருந்தார்கள். அதில் மடக்குக் கட்டில் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, கை அலம்பக் கையகலத்தில் ஒரு பேசின்கூட இருந்தது. அடுப்பு மட்டும் இல்லை. அடுத்த வாரம் ஏரிக்கரையில் நாலு நாள் தங்குவதாகத் திட்டம். அதற்குத்தான் இந்த அடுப்பு வேட்டை.

காலையில் கிளம்பும்போதே வெல்டரின் மனைவி அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மாமா என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், இவன் வாயைத் திறக்கக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்காவின் முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்த தடத்தைப் பார்த்து, "என்ன அண்ணி, கை இப்படி இருக்கு" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டான். அவ்வளவுதான். எட்டு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. போன் போட்டால் எடுப்பதில்லை, நேரில் போனால் மாஸ்டர் வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பினார். எட்டு மாதம் கழித்து அவருக்கே போரடித்து, கேரவன் வாங்கலாமா என்று கூப்பிட்டபோது, அண்ணியின் முன்பல் ஒன்று காணாமல் போயிருந்தது. இடது சுண்டுவிரல் வளைந்தபடியே நின்றது. குளியலறையில் வழுக்கியதாம். ஒரே குளியலறை எத்தனை தடவைதான் வழுக்கும்?

"நாம போய் வந்துகிட்டு இருந்தாதான் அந்தாளு கொஞ்சமாவது அடங்குவான். நம்மளையும் வெட்டி விட்டுட்டான்னா அவளை யாரு பார்க்கிறது?" என்று மனைவி சொன்னபோது வெல்டர் தலையை ஆட்டினான். அவளும் வந்திருப்பாள், வீட்டில் குழாய் சரிபண்ண ஆள் வரவேண்டியிருந்தது. ஆகவே வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு, மாஸ்டரோடும் அண்ணியோடும் வெல்டர் மட்டும் வந்தான். வேலையில் முகமூடி போட்டுப் பழகியவன் என்பதால் இதையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தான்.

கடைப்பெண் பொறுமைசாலி. கரி அடுப்பில் சுட்டால் சுவை நன்றாக இருக்கும், ஆனால் கனல் பிடிக்க அரைமணி ஆகும், சாம்பல் ஆறும்வரை கொட்ட முடியாது, வெயில் காலத்தில் ஏரிக்கரையில் கரி மூட்டவே விடமாட்டார்கள் என்று விளக்கினாள். சூட்கேஸ் மாதிரி மடங்கும் கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. திருகைத் திருகிப் பட்டனை அழுத்தினால் பற்றிக்கொள்ளும், எண்ணெய் வடியத் தனித் தட்டு உண்டு, காற்றுத் தடுப்பு உண்டு. வெல்டர் குனிந்து அதன் மூடி பொருந்தும் இடத்தை விரலால் தடவினான். வெல்டிங் பற்று சுத்தமாக இருந்தது. எவனோ வேலை தெரிந்தவன் வைத்த பற்று.

அடுப்பின் கால்கள் ஒரு சாண் உயரம்தான். தரையில் வைத்துச் சுட வேண்டும். அண்ணி அதுவரை மாஸ்டரின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். இப்போது கடைப்பெண்ணிடம் தாழ்ந்த குரலில், இதற்கு ஸ்டாண்டு கிடைக்குமா, நின்றுகொண்டே சுட்டால் தேவலை என்று கேட்டாள். கேட்கும்போது வலது கை தானாகவே இடது விலாவைப் பிடித்துக்கொண்டது. வெல்டர் அதைப் பார்த்தான். போன வாரம்கூட அந்த விலா நன்றாகத்தான் இருந்தது.

"குனிஞ்சா என்ன, தலையில இருக்கிற கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்றார் மாஸ்டர். பிறகு அவரே சிரித்தார். வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிலிண்டரின் லேபிளை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தான். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

எரியவிட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். கடைக்குப் பின்னால் சிமென்ட் முற்றம் இருந்தது. அளவு பார்க்கக் கொண்டுவந்த கேரவனும் அங்கேதான் நின்றது. கடைப்பெண் அடுப்பைத் தரையில் வைத்து, சிலிண்டரை மாட்டி, மூடியைத் திறந்துவைத்தாள். மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்று சொன்னாள். தீயணைப்பான் எடுத்து வருகிறேன், அதுவரை தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தொட வேண்டாம் என்று யாராவது மாஸ்டரிடம் சொல்லிவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். அவள் தலை மறைந்ததும் திருகைக் கடைசிவரை திருகினார். உஸ்ஸென்று கேஸ் வந்தது. பட்டனை அழுத்தும் வேலையை அண்ணியிடம் விட்டார், ஏனென்றால் அதற்குத்தான் குனிய வேண்டும். அவள் விலாவைப் பிடித்தபடி மெல்ல மண்டியிட்டாள். அழுத்தினாள். டிக் என்றது, பற்றவில்லை. மறுபடி அழுத்தினாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு வரட்டுமே" என்றாள்.

"மூடு" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி, கேரவனில் அடுப்பு வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று சகலைக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் இந்த ஒரு சொல்தான் பாதிப் பேச்சு. ஜன்னலை மூடு, குழாயை மூடு, டப்பாவை மூடு, வாயை மூடு. எதை என்று அவர் சொல்லும் வழக்கமில்லை. எதை என்று இவள் கேட்டால் அதற்குத் தனியாக ஒன்று விழும். ஆகவே கண்ணெதிரே எது திறந்திருக்கிறதோ அதை முதலில் மூடிவிடுவாள், யோசனையெல்லாம் அப்புறம்தான். இப்போதும் அப்படித்தான் செய்தாள். அவள் கண்ணெதிரே திறந்திருந்தது அடுப்பின் மூடி.

மூடி கிளிக்கென்று பொருந்தியதை மாஸ்டரின் தோளுக்கு மேலாக வெல்டர் பார்த்தான். உள்ளே கேஸ் வந்துகொண்டே இருந்தது. எவனோ சுத்தமாகப் பற்று வைத்த பெட்டி, இடுக்கு வழியாக ஒழுகக்கூட இடமில்லை. வெல்டருக்குக் கேஸைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் நினைவுக்கு வந்தது. மாஸ்டர் திரும்பினால் அவரே பார்த்துக்கொள்வார் என்று ஒரு கணம் நினைத்தான், இன்னொரு கணம் நினைத்தான். இருபது எண்ணும் நேரம் அப்படியே போயிற்று. அந்த இருபதுக்காக அவன் தன்னைப் பின்னால் எவ்வளவோ திட்டிக்கொண்டான்.

"இன்னுமா அழுத்தறே?" என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

அண்ணி பட்டனில் கட்டைவிரலை வைத்தாள்.

"அண்ணி, கையை எடுங்க!"

கத்திக்கொண்டே பாய்ந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். விரல் அதற்குள் அழுத்திவிட்டது. தொம்மென்று ஒரு சத்தம். மூடி பிய்த்துக்கொண்டு மேலே போய்ச் சுவரில் மோதி விழுந்தது. நீலமும் மஞ்சளுமாக ஒரு நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்து அடங்கியது. அண்ணியின் முன்நெற்றி முடி பொசுங்கிச் சுருண்டது. அவளைச் சுற்றியிருந்த வெல்டரின் வலது முன்கை மணிக்கட்டு முதல் முழங்கைவரை சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் உப்பியது. தீயணைப்பானோடு ஓடிவந்த கடைப்பெண் சிலிண்டரை அடைத்தாள், தண்ணீர் கொண்டுவர மறுபடி உள்ளே ஓடினாள்.

வேறு மனிதனாக இருந்தால், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டிருப்பான். மாஸ்டர் வந்து, தரையில் கிடந்தவளின் பொசுங்கிய கூந்தலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"மூடச் சொன்னது வாயைடி. வாயை."

சொல்லிச் சொல்லி அவள் வாயிலேயே புறங்கையால் இரண்டு அறை விட்டார். உதடு கிழிந்தது. மூன்றாவது அறை விழவில்லை.

வெல்டர் வெந்த கையாலேயே அடித்தான். முதல் குத்து மூக்கில். மூக்கெலும்பு நொறுங்குவது விரல் கணுவில் தெரிந்தது. மாஸ்டர் கூந்தலை விட்டார். இரண்டாவது வயிற்றில், அவர் மடிந்தார். மூன்றாவது காதோடு சேர்த்துத் தாடையில், அவர் சிமென்டில் விழுந்தார். விழுந்தவரின் மேல் உட்கார்ந்து நாலாவது, ஐந்தாவது. வெந்த தோல் கிழிந்து இவன் ரத்தமும் அவர் ரத்தமும் மாஸ்டரின் வெள்ளைப் பனியனில் கலந்தன. உள்ளதைச் சொன்னால், வெல்டருக்கு அப்போது வலிக்கவேயில்லை. சந்தோஷமாக இருந்தது. இதற்காகவே ஒரு வருஷம் பசித்துக் கிடந்தவன்போல அடித்தான். அண்ணி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் நிறுத்தினான்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க அஞ்சு அடி அடிச்சிட்டீங்க. இது அத்தனையும் எங்கிட்டதான் திரும்பி வரும். எண்ணி வச்சிருப்பார்."

வெல்டரின் கை அந்தரத்தில் நின்றது. சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மாஸ்டர் கையை ஊன்றி எழுந்தார். ரத்தத்தைத் துப்பினார். சகலையைப் பார்க்கவேயில்லை. இன்றோடு உங்கள் சகவாசம் முடிந்தது, இனி உன் பெண்டாட்டி என் வாசல் பக்கம் வந்தால் நடப்பதே வேறு என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு மனைவியிடம், "ஏறு" என்றார். அவள் ஏறினாள். அவள் கால்களுக்குப் பழக்கம் அது.

கேரவன் உறுமியது. வெல்டர் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றான். என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அந்த வண்டி முற்றத்தைத் தாண்டிவிட்டால் இந்த ஐந்து அடிக்கும் அவள் ஒருத்தி பதில் சொல்வாள், பார்க்கவும் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இரண்டு உள்ளங்கையையும் வண்டி முகப்பில் வைத்துக்கொண்டான்.

"அண்ணி, இறங்குங்க."

மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி அவன் தொடையில் முட்டியது. செருப்பு வழுக்கி ஒரு அடி பின்னால் போனான். மறுபடி ஒரு அடி. முதுகுக்குப் பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அண்ணியின் முகத்தையே பார்த்தான். "இறங்குங்க அண்ணி, நான் நகரமாட்டேன்." முதுகு சுவரைத் தொட்டது. பம்பர் முழங்காலை அழுத்தியது. மூட்டுக்குள் ஏதோ பிசகும் சத்தம் அவனுக்கே கேட்டது, தன்னையறியாமல் அலறினான்.

அண்ணி கைபிரேக்கைப் பிடித்து இழுத்தாள். விலா வலியோ விரல் கோணலோ தெரியாமல், இரண்டு கையாலும், உடம்பின் கனம் முழுவதும் போட்டு இழுத்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. மாஸ்டர் அவள் பக்கம் கையை ஓங்கித் திரும்பினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சாவியை உருவி ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். கதவைத் திறந்து இறங்கினாள். ஓடவில்லை. முற்றத்து வாசலில் கடைப்பெண்ணும் கடைக்காரர்கள் நாலு பேரும் நின்றார்கள். அவர்களைப் பார்த்து மாஸ்டர் இருக்கையைவிட்டு எழவில்லை. பிள்ளைகளையும் பெண்டாட்டியையும் அடிக்கத்தான் அவருக்கு வரும், நாலு ஆம்பிளைகள் நின்றால் ஒழுக்கம் தானாக வந்துவிடும்.

நாலு பேரும் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வெல்டர் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிக்கொண்டிருந்தது. கடைப்பெண் அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள். அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தங்கையின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, எட்டு மாதமும் மனப்பாடமாக வைத்திருந்த எண். கிழிந்த உதட்டோடு நிதானமாகப் பேசினாள்.

"நான்தான்டி. அழாதே, கேளு. உன் வீட்டுக்காரருக்குக் கையும் காலும் அடி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயிருந்து நேரா உன் வீட்டுக்கு வரேன், இனிமே அங்கேதான். அதுக்குள்ள அந்தாளு வந்து நின்னா, என் பேரைச் சொன்னாலும் சரி, அழுதாலும் சரி, கதவைத் திறக்காதே."