சைக்கிளை விட்டுப் பிரியாத துப்பாக்கி

1974ஆம் வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, அரபு நாட்டு அஜ்மானில் லாண்டரிக்கடை அம்மையப்பன் சைக்கிளில் ஏறி மிதித்தால் அவன் தோளில் ஒரு நீளத் துப்பாக்கி வந்து தொங்கியது. இறங்கினால் அது கடைச் சுவரில் தன் ஆணிக்கே திரும்பிப் போனது. துப்பாக்கி அவனுடையதல்ல. கடை முதலாளியும் அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்த கஃபீலுமான ராஷித், பழைய வீட்டை இடித்து சிமெண்டில் கட்டி முடிக்கும்வரை, கல்யாண வீடுகளில் சுழற்றி ஆடுவதற்கு எடுத்துப் போகும் தன் அப்பா காலத்துத் துப்பாக்கியைக் கடையில் மாட்டி வைத்திருந்தார். பூஜையன்று அம்மையப்பன் இஸ்திரிப் பெட்டி, சைக்கிள், தண்ணீர் தெளிக்கும் சொம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். ஆயுத பூஜையும் அதுவுமாக, சுவரில் நிஜமாகவே ஒரு ஆயுதம் தொங்கும்போது அதை மட்டும் விட்டுவிட மனசு கேட்குமா? அதற்கும் வைத்தான். அஜ்மானில் அப்போது பூ ஏது, அவனிடம் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் மாலை. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து, ஹேண்டில்பாரையும் துப்பாக்கியையும் சேர்த்து வளைத்து மாலையைப் போட்டுக் கற்பூரம் காட்டினான். கூட வேலை பார்த்த சேதுபதி, “என்னடா, ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறியா?” என்று சிரித்தான். கேலி அப்படியே பலித்துவிட்டது.

முதல் நாள் துணி கொடுக்கப் போனபோது, காலரில் அழுக்குப் போகவில்லை என்று வாராவாரம் சண்டை பிடிக்கும் வீடுகள்கூட வாயைத் திறக்கவில்லை. மீன் மார்க்கெட் திருப்பத்தில் போலீஸ்காரர் மூசா நிறுத்தினார். அம்மையப்பன் பயந்து இறங்கினான், துப்பாக்கியைக் காணோம். ஏறச் சொன்னார், வந்துவிட்டது. அந்த வெயிலில் அவனை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைசியில் மூசாவுக்கே தலை சுற்றியதால் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்.

நாடு பிறந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொண்டு நடக்கலாம், ஒட்டகத்திலும் போகலாம், காரில் என்றால் சீட்டுக்கடியில் கிடத்த வேண்டும் என்பது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கணக்கு. சைக்கிளைப் பற்றி அவரிடம் கணக்கு ஏதும் இல்லை. காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காருவதால் அது ஒட்டகத்தோடு சேர்த்தி என்றார் ஒருவர். புல் தின்னாது, அதனால் கார்தான் என்றார் இன்னொருவர். எதுவாக இருந்தாலும் வெளிநாட்டுக்காரன் தோளில் துப்பாக்கி கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். துப்பாக்கியை ஸ்டேஷன் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். வெளியே அம்மையப்பன் ஒரு மிதி மிதித்ததும் அது அவன் தோளில் இருந்தது, பூட்டு பூட்டியபடியே இருந்தது. ராஷித்துக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இதற்கு வழி பிறக்காவிட்டால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்தில் அவன் மனைவி நாகவள்ளி, தன் அண்ணன்மார் இரண்டு பேரையும் எதிர்த்துக்கொண்டுதான் அவனைக் கப்பலேற்றியிருந்தாள். ஆறு மாசத்தில் பெட்டியோடு வந்து நிற்பான் என்று அவர்கள் ஊர் நடுவே சொல்லிச் சிரித்தார்கள். வந்தால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது நடப்பது ஐந்தாவது மாசம். வேலை போவதைவிட, நாகவள்ளி தலை குனிந்து நிற்கப்போவதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

வியாழக்கிழமை அதிகாரி சைக்கிளை ஸ்டேஷன் வாசலுக்கு வரவழைத்து முதலில் மூசாவை ஓட்டச் சொன்னார். துப்பாக்கி மூசாவின் தோளுக்குப் போனது. அடுத்து ராஷித்தை ஓட்டச் சொன்னார். ராஷித் பிறந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டியவரில்லை. கூட்டத்துக்கு முன்னால் விழுந்து எழ அவர் தயாராக இல்லை. அப்போது அம்மையப்பன் தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் முதலாளியிடம் கெஞ்சினான்.

“அர்பாப், நீங்க பின்னாடி உக்காந்தாப் போதும். நான் மிதிக்கிறேன்.”

ராஷித் அங்கியைச் சுருட்டிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். அம்மையப்பன் மிதித்தான். துப்பாக்கி வந்தது, அவன் தோளருகே கொஞ்சம் தயங்கியது, பிறகு தன் சொந்தக்காரரை அடையாளம் கண்டு பின்னால் போய் அவர் தோளில் தொங்கியது. அதிகாரி சைக்கிளை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

“துப்பாக்கி சொந்தக்காரன்கிட்ட இருக்கு, சைக்கிள் ஓட்டுறவன்கிட்ட இருக்கு. கலாஸ், முடிஞ்சுது, போங்க” என்றார்.

இப்படியாக, அஜ்மானில் துணி கொடுக்கப் போகும் சைக்கிளின் கேரியரில் கஃபீலே உட்கார்ந்து போகலானார். முதல் வாரம் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த மாசம் துணி மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த மாசம் அவரே கதவைத் தட்டி, காலர் அழுக்குக்காக நாலு வீட்டில் திட்டும் வாங்கினார். புது வீடு கட்டி முடிந்தும் துப்பாக்கியை அங்கே கொண்டுபோகவில்லை. பெரிய கார் ஒன்று வாங்கினார். காலையில் அதைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேரியரில் ஏறிக்கொண்டார்.

சேதுபதி எடுத்த போட்டோ ஒன்று ஊருக்குப் போனது. நாகவள்ளியின் அண்ணன்மார் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள்.

“பின்னாடி துப்பாக்கியோட உக்காந்திருக்கிறது யாரு?”

“அவருக்குக் காவலுக்குப் போட்டிருக்காங்க” என்றாள் நாகவள்ளி.

“அப்புறம் ஏன் உன் புருஷன் மிதிக்கிறான்?”

“காவக்காரன் மிதிச்சா துப்பாக்கிய யாருண்ணே பிடிக்கிறது?”

அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து அம்மையப்பனை அவர்கள் ‘வந்தான் போனான்’ என்று பேசுவதில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு அம்மையப்பன் இரண்டு மாலை வாங்கி வைத்தான். சைக்கிளுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் முடிச்சு அவிழும், முதலாளிக்கும் விடுதலை என்பது அவன் எண்ணம். வாசலில் நின்றிருந்த ராஷித் இரண்டு மாலைகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் கார் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு வந்தார். வருடம் முழுக்கக் கேரியரில் உட்கார்ந்து கற்ற தமிழில், “ஒண்ணு போதும்” என்றார்.

மறுநாள் காலை இருவரும் துணி கொடுக்கக் கிளம்பினார்கள்.