கடிகாரமும் நின்ற அமைதி

நவம்பர் 21, 1951, புதன்.

ஞாயிறு டெலிவிஷன் நாடகத்தில் நான் பொத்தானைத் தவறான இடத்தில் அழுத்திவிட்டேன். நடிகர் வசனம் மறந்தால்தான் அதை அழுத்த வேண்டும். வீடுகளுக்குப் போகும் ஒலி முழுவதும் நின்றுவிடும்; அந்த இடைவெளியில் நான் வரியை எடுத்துக் கொடுப்பேன். அதுதான் என் வேலை. தகப்பனாக நடித்த திரு. லேசி, மகன் இறந்த செய்தி வந்த தந்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் நின்றார். ஒத்திகையில் நின்றதைவிட நீளமாக நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து அழுத்தி, வரியையும் சொன்னேன். அவர் மறக்கவே இல்லையாம்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்கிறார்கள் நான் போகும் எழுத்துப் பயிற்சி மாலை வகுப்பில். முயன்று பார்க்கிறேன்.

வீட்டுக்காரம்மா திருமதி ஸ்பூனர் அன்று சொன்னது: "டெலிவிஷன் செட்டு ஊமையாயிடுச்சு மேவிஸ். பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டினேன், உடனே பேச ஆரம்பிச்சுடுச்சு!"

திங்களன்று ஒரு பத்திரிகை, காட்சியில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் ஓசையைக்கூட நிறுத்தி மகனை இழந்த தகப்பனின் நெஞ்சைக் காட்டிவிட்டார் என்று டைரக்டர் திரு. கார்வரைப் புகழ்ந்தது. செவ்வாயன்று ஒரு சினிமாத் தயாரிப்பாளர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். போருக்கு முன்பு, டெலிவிஷன் பெட்டி இருந்த வீடுகளே அரிதான காலத்திலிருந்து நாடகம் எடுப்பவர் திரு. கார்வர். பிறகு ஒரு படம் எடுத்தார். ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்னொரு படம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கே போய்விட்டது.

வியாழன்தோறும் ஞாயிறு நாடகத்தையே மறுபடி முழுவதும் நடிப்போம். எதையும் பதிந்து வைப்பதில்லை. அதனால் ஞாயிறன்று என்ன நடந்தது என்று போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இன்று கேன்டீனில் திரு. கார்வர் தேநீருடன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மிஸ் பின்னாக், அந்த அமைதி... நான் சொல்லித்தானே செஞ்சீங்க?"

"இல்ல சார். கை அவசரப்பட்டுடுச்சு."

"கடிகாரம் வேணாம்னு ஒத்திகையில சொன்னேனோ?"

"இன்னும் சத்தமா வைக்கச் சொன்னீங்க, சார்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போச்சு. ஒரு மாசமா யோசிச்சு வெச்சதுன்னு அந்தத் தயாரிப்பாளர்கிட்ட அளந்துட்டேனே! சொல்லச் சொல்ல எனக்கே நிஜம்னு தோணிடுச்சு."

பக்கத்து மேஜையிலிருந்து திரு. லேசி திரும்பினார். "இதுல என்ன சந்தேகம்? கடிகாரத்தை நிறுத்தினது என் மூஞ்சி!"

"உன் மூஞ்சியைப் பாத்துத்தான் ஆம்ப்ரோஸ், நீ வசனத்தை மறந்துட்டதா இவங்க நெனச்சாங்க," என்றார் திரு. கார்வர்.

பிறகு அவர் தாழ்வாரத்துத் தொலைபேசியில் அந்தத் தயாரிப்பாளரிடம் உண்மையைச் சொன்னார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. நல்ல சிரிப்பா, கேலியா என்று எனக்குப் புரியவில்லை.

"நாளைக்கு நாடகம் பாக்க வர்றானாம்," என்றார் ரிசீவரை வைத்துவிட்டு. "கை தவறி வந்ததை என்னால வேணும்னே கொண்டுவர முடியுதான்னு பாக்கணுமாம். முடிஞ்சா படம்."

"முடியுமா சார்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க விரலைத்தான் கேக்கணும்."

தவறாகச் செய்ததைச் சரியாகத் திரும்பச் செய்வது எப்படி? விரலைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். மாலை வகுப்புக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிவிட்டேன்.

நாளை: திரு. லேசி தந்தியை மடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். திரு. கார்வர் காதுக்கருவியில் சொல்லும்வரை விடக் கூடாது. வரியைச் சொல்லவே கூடாது. செட்டைத் தட்ட வேண்டாம் என்று திருமதி ஸ்பூனரிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.