நாடா வைத்த கையுறை

கொதிநீர் அலசல் முடிந்து இயந்திரம் நின்றதும் கனாயே கதவைத் திறந்து துணிகளை இழுத்து வெளியே போட்டாள். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் இந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். படுக்கை விரிப்பு ஒரு பக்கம், நோயாளி உடுப்பு ஒரு பக்கம், கையுறைகள் ஒரு பக்கம். விரல் பிரியாத, பஞ்சு வைத்த கையுறைகள் அவை. மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்கி எறியும் முதியவர்களுக்கு அதை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுவார்கள்.

"இதைப் பாரு, வெட்டித்தான் எடுத்திருக்காங்க. முடிச்சு அப்படியே இருக்கு," என்றாள் எதிரே நின்ற இவாசா அக்கா. "கிழவன் நர்ஸைக் கடிச்சிருப்பான்."

"கடிச்சா வாயையில்ல கட்டணும்?" என்றாள் கனாயே. இருவரும் சிரித்தார்கள்.

அந்தக் கையுறையைப் பார்த்துத்தான் அவளுக்கு யோசனை வந்தது. நாலு வயது மகள் வகபாவுக்குப் பிறந்ததிலிருந்தே தோலில் கரப்பான். மழைக்காலம் வந்துவிட்டால் தூக்கத்திலேயே கழுத்தையும் முழங்கை மடிப்பையும் ரத்தம் வரப் பிறாண்டிக்கொள்வாள். கனாயே பழைய துண்டில் இரண்டு சின்னக் கையுறை தைத்து, நாடா வைத்து, படுக்கும்போது கட்டிவிட்டாள். வகபாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நான் கரடி" என்று தானே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். புண் காய ஆரம்பித்தது. மணிக்கட்டில் மட்டும் நாடாவின் தடம், சிவப்பு வளையமாக. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் என்று கனாயே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மகளை அழைத்துவர சைக்கிளில் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனாள். வகபாவின் பெயர் ஒட்டிய செருப்பு மாடத்தில், உள்ளே போடும் வெள்ளைக் காலணி இருந்தது. வெளியே போடும் செருப்பைக் காணோம்.

"அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரா?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து காப்பகத் தலைவி வந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள்.

"வகபா அம்மா, மன்னிக்கணும். குழந்தைகள் நல நிலையத்திலேருந்து வந்து வகபாவை அழைச்சிட்டுப் போயிட்டாங்க."

"எங்கே?"

"எங்களுக்கும் சொல்லலைங்க. மணிக்கட்டுல தடம் இருந்துது. கண்ணுல பட்டா நாங்க சொல்லியே ஆகணும். சட்டம் அப்படி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வாசல்ல தினமும் நிக்கறேனே!"

தலைவி மறுபடியும் குனிந்தாள்.  கனாயே பின்னால் குட்டி இருக்கை பொருத்திய சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மீன் கிடங்கிலிருந்து வந்த கணவன் டெட்சுரோ, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நம்ம பிள்ளையை நம்மகிட்ட சொல்லாம எப்படித் தூக்கிட்டுப் போவாங்க? போலீஸுக்குப் போவோம், வா."

"போலீஸுக்கும் நம்மளைப் பத்தித்தானே சொல்லியிருப்பாங்க, வகபா அப்பா."

மறுநாள் இருவரும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனார்கள். நிஷிவாகி என்ற அதிகாரி சின்ன வயதுப் பெண். தேநீர் கொடுத்தாள். குரல் கடைசி வரை உயரவில்லை.

"குழந்தை கையைக் கட்டி வெச்சீங்களா?"

"கட்டி வெக்கலைங்க. கையுறை மாட்டி நாடா கட்டினேன்."

"கட்டினீங்க."

"சொறியக் கூடாதுன்னுதாங்க. ஆஸ்பத்திரியில பெரியவங்களுக்குக் கட்டறாங்களே."

"அங்கே டாக்டர் சொல்லிச் செய்யறாங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. அதைத் துவைக்கிறது நான்தான்."

டெட்சுரோ மேசையில் கையை ஓங்கி வைத்தான். கோப்பைகள் அதிர்ந்தன. "அவ உடம்புல அடிச்ச காயம் ஒண்ணு காட்டுங்க, பார்ப்போம்!"

நிஷிவாகி சிந்திய தேநீரைத் துடைத்தாள். "வீட்டுலயும் அப்பா இப்படித்தான் சத்தம் போடுவாரா?" என்று கனாயேவிடம் கேட்டாள்.

 டெட்சுரோ கையை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

கிளம்பும்போது கனாயே பையிலிருந்து களிம்பை எடுத்து நீட்டினாள். "இதையாவது கொடுத்துடுங்க. குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள தடவணும்."

"வெளிப்பொருள் வாங்கறதில்லைங்க. நாங்க பார்த்துக்கறோம்."

நிலையத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். குளிர்பெட்டியைத் திறந்தார்கள், குழந்தையின் மெத்தையைப் படம் எடுத்தார்கள், பக்கத்து வீடுகளில் விசாரித்தார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி குப்பை வைக்கும் இடத்தில் கனாயேவைக் கண்டால் வந்த வழியே திரும்பிப் போனாள். அவளைப் பற்றி விசாரித்துச் சலவைக்கூடத்துக்கும் போன் வந்தது.

"தங்கமான பொண்ணுன்னு சொன்னேன்டி," என்றாள் இவாசா அக்கா.

"அதை எழுதிக்கிட்டாங்களாக்கா?"

"தெரியலையே."

 அதற்குப் பிறகு கையுறை மூட்டை வந்தால் அக்கா அதைக் கனாயேவின் பக்கம் வரவிடாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து சில்வண்டுகள் கத்த ஆரம்பித்த பிறகுதான் மகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நிலையத்தில் பொம்மைகள் அடுக்கிய அறை. கதவு திறந்தது. யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வகபா வந்தாள். கழுத்தெல்லாம் பிறாண்டிய புண். இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை, மணிக்கட்டில் நாடா.

கனாயே அந்த நாடாவையே பார்த்தாள்.

"பகல்லயும் சொறியறா. டாக்டர் சொல்லித்தான் போட்டிருக்கோம், பாதுகாப்புக்கு," என்றாள் நிஷிவாகி, மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோல.

டெட்சுரோ தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

விளையாடுவதற்காக நிஷிவாகி கையுறைகளைக் கழற்றினாள். உள்ளே அதே சிவப்பு வளையம், இன்னும் அழுத்தமாக. வகபா அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். கனாயே அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க யாரும் கரடி விளையாட வரமாட்டேங்கறாங்கம்மா."

"எப்பங்க வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கனாயே கேட்டாள்.

"உங்க மேல விசாரணை இன்னும் முடியலையே."

நேரம் முடிந்தது. நிஷிவாகி கையுறையை எடுத்தாள். வகபா மடியிலிருந்து இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா கட்டட்டும். அம்மா கட்டினா வலிக்காது."

நிஷிவாகி கனாயேவைப் பார்த்தாள். கனாயே தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த அக்கா கட்டுவாங்க, கண்ணு. கையை நீட்டு."

வகபா திரும்பி நீட்டினாள். நிஷிவாகி நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து, முடிச்சுப் போட்டாள்.