மைசூர் ரகம்

பிளாஸ்டிக் தாளின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார் அழகுராஜா. காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தது. கொல்லைச் சுவரை ஒட்டிச் சாய்ந்திருந்த ராஸ்பெர்ரிச் செடியின் நீண்ட முள்தண்டுகள் மழையில் நனைந்து ஆடின. நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பழம். பாதி இன்னும் சிவப்பு. ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், எல்லாம் கறுத்துவிடும். ஆனால் வானம் தெளிகிற மாதிரி இல்லை.

"ஏங்க..."

உள்ளேயிருந்து வந்த குரல் பாதியில் அறுந்தது. தாளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

தங்கமாரி கட்டிலில் உட்கார்ந்தபடி மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. முகம் ஊதிக் கண்கள் இரண்டும் கோடாகியிருந்தன. இரண்டு வருடமாக அருப்புக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறவள். போன முறை மழையால் போக முடியவில்லை. இந்த முறையும் தப்பினால் என்ன ஆகும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். 

"ஓடையில தண்ணி வத்திருச்சா?"

"வத்திரும். மாப்ள காரு கொண்டு வாராரு."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாளையம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் முனீஸ்வரி.

"அப்பா, நாங்க ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போகுது. காரு எறங்காதுன்றாரு இவரு. அம்மா எப்பிடி இருக்கு?"

"இருக்கா."

"இருக்கான்னா? மழைக்கு முன்னாடியே கூட்டிட்டு வாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல? பழம் பழுக்கணும், பழம் பழுக்கணும்னு உக்காந்திருந்தீங்க. இப்பப் பாருங்க."

அவர் தங்கமாரியைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

மகள் கூப்பிட்டது உண்மைதான். மழை வரப்போகிறது, எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்றாள். அழகுராஜா துணிமணிகளைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டார். தங்கமாரிதான் அசையவில்லை. "ரெண்டு வருசமா அதப் பாத்துக்கிட்டே கெடந்தேன். ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுட்டு வாரேன். நீங்க வரமாட்டேன்னதா சொல்லிருங்க. நான்னு தெரிஞ்சா அவ அழுவா." அவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

அந்தப் பழத்தின் பேரை அவர்கள் கேள்விப்பட்டதே ஆஸ்பத்திரியில்தான். மாம்பழம் கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீரைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்த சாப்பாட்டு ஆலோசனைப் பெண், ராஸ்பெர்ரி மாதிரிப் பழம் கொஞ்சமாகத் தின்னலாம் என்று வாய் தவறியதுபோல் சொல்லிவிட்டாள். தங்கமாரி அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, "அது எங்கங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். பருத்தியும் மிளகாயும் குதிரைவாலியும் தவிர வேறு எதையும் விதைத்தறியாத மனிதர், கொடைக்கானல் மலையடிவாரத்து நர்சரியில் போய் நின்றார். "பரளச்சிப் பக்கமா? அந்த வெயிலுக்குச் செவப்பு ரகம் நிக்காதுங்க. மைசூர் ரகம் கொண்டு போங்க, தாக்குப் பிடிச்சாலும் பிடிக்கும். பழுத்தாக் கறுப்பாகும்" என்றார் கடைக்காரர்.

முதல் சித்திரையில் தண்டுகள் அடியோடு கருகின. செத்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஆவணியில் வேரிலிருந்து திரும்ப முளைத்தது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்தது. குடிக்கிற தண்ணீரையே குளுக்கோஸ் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பச்சை வலை கட்டினார். வேர் காயாமல் குதிரைவாலி வைக்கோலைப் பரப்பினார். தங்கமாரி கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, பூ வந்ததா, பிஞ்சு நின்றதா என்று அங்கிருந்தே விசாரித்துக்கொண்டிருப்பாள்.

வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு மொக்கையன்.

"மச்சான், இன்னும் சாணளவு ஏறுச்சுன்னா என்னால எறக்க முடியாது. இப்பவே ஏத்து அக்காவ."

டிரெய்லரில் மெத்தையைப் போட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தான். அழகுராஜா அவளைத் தூக்கக் குனிந்தார். அவள் அவர் கையைத் தள்ளினாள்.

"பழத்தப் பறிச்சிட்டு வாங்க."

"உசிரு போற நேரத்துல பழமாடி?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அதான் கேக்கேன்" என்றாள் தங்கமாரி.

கொல்லைக்கு ஓடினார். தாள் பறந்து சுவருக்கு அப்பால் போயிருந்தது. நனைந்த கொத்துகளில் விரலை விட்டுத் துழாவினார். பழுத்தது, தொட்டதும் கையோடு வந்துவிடும். பழுக்காதது காம்பை விடாது. வந்தவற்றை மட்டும் எடுத்தார். ஒரு கைக்குள் அடங்கிற்று. முள் கிழித்த இடத்தில் ரத்தமும் பழச்சாறும் ஒன்றாக வழிந்தன.

அவள் ஒன்றை வாயில் போட்டு நாக்கால் நசுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"புளிக்குதா?"

"இல்ல. இனிப்புதான். கடைசியாத்தான் லேசாப் புளிக்குது." அடுத்ததை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். "நீங்களும் தின்னுங்க."

"நீ தின்னு."

"தின்னுங்கங்கேன்."

மொக்கையன் வெளியில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

தரைப்பாலத்தில் சிவப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு போயிற்று. பாலத்தின் ஓரம் எதுவென்றே தெரியவில்லை. மொக்கையன் எழுந்து நின்றபடி ஓட்டினான். நடுவில் ஏதோ மரக்கட்டை வந்து மோதி டிரெய்லர் ஒருபக்கம் நகர்ந்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. "பிடிச்சுக்கோ மச்சான்! அக்காவ விட்றாத!" அக்கரையில் முனீஸ்வரி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினாள். மாப்பிள்ளை உதயகுமார் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான்.

அழகுராஜா ஒரு கையால் டிரெய்லர் கம்பியையும் மறு கையால் தங்கமாரியையும் இறுக்கியிருந்தார். அப்போதுதான் அவள் தார்ப்பாய்க்கு வெளியே உள்ளங்கையை நீட்டியிருப்பதைப் பார்த்தார். குழிந்த கையில் மழை நிறைந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சினாள். திரும்பவும் நீட்டினாள். நாளுக்கு இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபடி டம்ளரில் அளந்து கொடுத்துவந்தவர் அவர். அவள் கெஞ்சும்போதெல்லாம் சொம்பை உயரத்தில் எடுத்து வைத்தவர். இப்போது முகத்தைத் திருப்பி ஓடையைப் பார்த்துக்கொண்டார்.

சக்கரம் கடைசியில் பிடி கிடைத்து ஏறியது.

காரில் பின்சீட்டில் அவர் மடியில் அவளைச் சாய்த்துக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்த முனீஸ்வரி உடம்பைத் திருப்பி அம்மாவின் காலைப் பிடித்திருந்தாள். "இந்தா வந்துருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். பெட்டு தயாரா வச்சிருக்காங்க. இந்தா வந்துருச்சு." உதயகுமார் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, பள்ளங்களில் விட்டு ஏற்றி ஓட்டினான். தங்கமாரியின் மூச்சு அவர் முழங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது. ஊர்கள் போயின. தார்ச்சாலையில் மழை குறைந்தது. டவுன் எல்லை வருவதற்குச் சற்று முன்னால் அந்த வெதுவெதுப்பு நின்றது.

அவர் காத்திருந்தார். குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து அவள் மார்பை மூடினார்.

"மாப்ள" என்றார். "மெதுவாவே போங்க."

உதயகுமார் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தான். முனீஸ்வரிதான், "என்னங்க, ஏன் மெதுவாப் போறீங்க? ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஓடை வடிந்ததும் தங்கமாரியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் சேறு மிதித்து வந்தார்கள்.  அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முனீஸ்வரி எழுந்து போனாள். பந்தலில் யாரோ, "செடியக் காவ காக்கப் பொண்டாட்டியப் பிடிச்சு வச்சிருந்தாராம்ல" என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சொன்னவரே அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிக் குளித்து, ஈர வேட்டியோடு அழகுராஜா வாசலில் நின்றபோது கொல்லையில் சத்தம் கேட்டது. பெண்கள், "ஏத்தா, விடு, விடு" என்றார்கள். போய்ப் பார்த்தார்.

முனீஸ்வரி தலைமுடி அவிழ்ந்து கிடக்க, அரிவாளோடு செடியின் முன்னால் நின்றிருந்தாள். பச்சை வலையைக் கிழித்துப் போட்டிருந்தாள். மழை விட்ட வெயிலில் எல்லாப் பழமும் கறுத்திருந்தது.

"இதுக்குத்தானப்பா? சொல்லுங்க. இந்த முள்ளுக்குத்தான எங்கம்மாவ விடமாட்டேன்னீங்க?"

"முனி..." என்று ஆரம்பித்தார்.

பெண்கள் அவரையே பார்த்தார்கள். மகளின் முகம் தங்கமாரியின் முகம்போல் ஊதியிருந்தது. உண்மையைச் சொன்னால், தான் கூப்பிட்டும் அம்மாதான் வரவில்லை என்பதை இனி எத்தனை வருடம் இவள் சுமக்க வேண்டும்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"ஆமாத்தா" என்றார்.

அவள் அரிவாளை ஓங்கி வீசினாள். தண்டு துள்ளி வந்து அவள் முழங்கையைக் கிழித்தது. கண்ணைக் குத்தியிருக்க வேண்டியது. அவள் பொருட்படுத்தாமல் திரும்பவும் ஓங்கினாள்.

அழகுராஜா தோளில் கிடந்த ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அருகில் போனார். அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த தண்டைப் பிடித்துத் தன் பக்கமாக வளைத்துக்கொண்டார்.

"அடியில பாத்து வெட்டுத்தா."

அரிவாள் தண்டின் அடியில் விழுந்தது. அவர் வெட்டுப்பட்ட தண்டைச் சுவரோரம் போட்டுவிட்டு, அடுத்த தண்டைப் பிடித்துக்கொண்டார்.