லோர்னா வீட்டுச் சாலை

ஊராட்சியின் மார்ச் மாதத்து ஆண்டுக் கூட்டத்தில், கிழக்குச் சாலையை என்ன செய்யலாம் என்று தலைவர் ஆர்லன் கேட்டதும் எல்லோரும் தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அந்தச் சாலையில் இருப்பது ஒரே வீடு. அந்த வீட்டுக்காரி லோர்னா, கணவனைப் பறிகொடுத்தவள், எழுபதைத் தாண்டியவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம், டவுன்ஷிப் என்று அங்கே சொல்லும் அந்த ஊராட்சி. பாதி சதுப்பு, மீதி கோதுமை. ஆர்லனின் அப்பா தலைவராக இருந்த காலத்தில் இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஆண்கள் சுவரோரம் நிற்பார்கள். இப்போது மொத்த ஜனத்தையும் ஒரு பள்ளிப் பேருந்தில் ஏற்றினால் பின்சீட்டு காலியாக இருக்கும். ஆட்கள்தான் குறைந்தார்களே தவிர நிலமும் குறையவில்லை, சாலையும் குறையவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமே. கிழக்குச் சாலையில் எத்தனை லாரி சரளை கொட்டினாலும் சதுப்பு விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். இனி அங்கே சரளையும் கிடையாது, பனி தள்ளுவதும் கிடையாது என்று முடிவெடுக்க, கூட்டத்தில் கை தூக்கினால் போதும்.

"லோர்னா, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்காக யாரும் சிரமப்படாதீங்க. ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு ரோடு?"

"ஒத்த ஆளா? உங்க நாயைக் கணக்குல சேத்துக்க மாட்டீங்களா?" என்றான் எழுத்தர் மைரன். சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள்.

"பனிக்காலத்துல கஷ்டமா இருக்காதா?" ஆர்லன் மறுபடி கேட்டான்.

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்."

அந்த ஊரில் யாரும் எதையும் கேட்ட மாத்திரத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கேக்கை நீட்டினால் வேண்டாம் என்பார்கள். மறுபடி நீட்டினாலும் வேண்டாம். மூன்றாவது தடவைதான், "சரி, ஒரு சின்னத் துண்டு" என்று கை நீளும். மூன்றாவது தடவை கேட்காதவனுக்குக் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். ஆர்லனுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம். லோர்னா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ சரளை லாரிகளை நினைத்துக்கொண்டு, "அப்ப சரி, கை தூக்குங்க" என்றான். எல்லாக் கைகளும் எழுந்தன. கொஞ்சம் தாமதித்து லோர்னாவின் கையும் எழுந்தது.

பனி விழுந்தால் நம் டிராக்டரிலேயே போய்த் தள்ளிவிட்டு வந்தால் ஆயிற்று என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொண்டான். நினைப்புக்குக் குறைச்சலில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்தபோது மாடுகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அடுத்த பனிக்கு முதுகுவலி. தேவையென்றால் கூப்பிட மாட்டாளா என்ன? அவள் கூப்பிட மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மைரன்தான் சொன்னான். "லோர்னா கிளம்புறாங்க. மகன் ஃபார்கோ டவுன்லேர்ந்து வண்டி கொண்டாந்து, உள்ள வர முடியாம பெரிய ரோட்டுலயே நிக்கிறானாம்."

ஆர்லன் டிராக்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். பனியைத் தள்ளித் தள்ளி அவள் வாசலை அடைந்தபோது, பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. நாய்க்கும் கயிறு மாட்டியாயிற்று.

"இருங்க லோர்னா. இனிமே ஒவ்வொரு பனிக்கும் நானே வந்து தள்ளுறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா, ஆர்லன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்க உள்ளே போனாள்.

மகனின் வண்டி உள்ளே வந்து, பெட்டிகள் ஏறின. அதற்குள் காற்று பனியை மறுபடி சாலையில் வாரிப் போட்டிருந்தது. ஆர்லன் டிராக்டரில் முன்னே போனான். பனி தள்ளும் தகட்டைத் தாழ்த்தி, அடியிலிருக்கும் சரளை தெரியும்வரை வழித்துக்கொண்டே போனான். அத்தனை சுத்தமாக அந்தச் சாலையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னால் அவன் திறந்துவிட்ட வழியில், லோர்னா வந்துகொண்டிருந்தாள்.